தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பு: தெருச்சொற்களை வைத்து ஒரு மதிப்புரை

கேப் டவுனுக்கு வேலைக்காகக் குடிவரும் நம்மவர்களிடம், ஆங்கிலம் தெரிந்தால் அங்கே சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். அலுவலகத்துக்குள் அது சரிதான். வெளியே வந்து வேனில் ஏறினாலும், மீன் வாங்க நின்றாலும், பக்கத்து வீட்டாரோடு மதிலோரம் நின்று நாலு வார்த்தை பேசினாலும், ஆங்கில வாக்கியத்தின் நடுவே, டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழியின் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பல, பாடப்புத்தகத்தில் கற்பிக்கப்படாத கொச்சைச் சொற்கள். சில, எழுதுவதற்குக் கூசுகிற வசைகள். இவற்றைப் புரிந்துகொள்ள எதைப் புரட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் விடை ஒன்று உண்டு. 1996இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலாக வெளியிட்டு, இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும், வரலாற்று நெறியில் அமைந்த தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதியே அது.

பெயரில் ஆங்கிலம் இருந்தாலும், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது ஆஃப்ரிகான்ஸின் ஆட்சிதான். இந்த நாட்டு ஆங்கிலம் வேறெந்த மொழியிலிருந்தும் இவ்வளவு கடன் வாங்கியதில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 69 லட்சம் பேர் ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகப் பதிவு செய்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. மேற்கு கேப் மாகாணத்தின் கலப்பினச் சமூகங்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கேப் முஸ்லிம்களும் வீட்டில் பேசும் மொழி இது. இங்கே கொச்சைச் சொல் செழித்திருப்பதற்கு அவர்களே பெருங்காரணம். ஆகவே இந்த அகராதியை அதன் அறிவியல் சொற்களையோ தாவரப் பெயர்களையோ கொண்டு அளக்காமல், தெருவில் கேட்கும் சொற்களை அது எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க விரும்புகிறேன்.

இந்தப் பணி கிழக்கு கேப் மாகாணத்தில், அப்போது கிரஹாம்ஸ்டவுன் என்றும் 2018க்குப் பிறகு மக்காண்டா என்றும் வழங்கும் ஊரிலுள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேர்விட்டது. வில்லியம் பிரான்ஃபர்ட் 1960களின் இறுதியில் தொடங்கிவைத்த சொல் சேகரிப்பு, பென்னி சில்வாவின் தலைமைப் பதிப்பில் 1996இல் நூலானது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைச் சொல்வதோடு நிறுத்தாமல், அச்சில் அது வந்த இடங்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டுவது இதன் முறை. பயணிகளின் நாட்குறிப்பு, செய்தித்தாள், நாடகம், விளம்பரம், நாடாளுமன்ற உரை என்று எங்கிருந்தும் மேற்கோள் எடுத்திருக்கிறார்கள். ஒரு சொல் யார் வாயில், எந்தக் காலத்தில், என்ன தொனியில் வந்தது என்பதை வாசகரே படித்து அறிந்துகொள்ளலாம்.

‘ஃபுட்செக்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தெருநாயை விரட்டும்போது இங்கே எல்லா மொழிக்காரரும் இதைத்தான் சொல்கிறார்கள். ‘தள்ளிப் போ, நான் சொல்கிறேன்’ என்று பொருள்படும் மூன்று டச்சுச் சொற்கள் அவசரத்தில் ஒட்டிக்கொண்டு இந்த ஒற்றைச் சொல்லாகிவிட்டன. நாயிடம் சொன்னால் இயல்பு, மனிதரிடம் சொன்னால் அவமதிப்பு. அகராதியில் இந்தப் பதிவைத் திறந்தால், இந்தச் சொல்லைப் பலரும் தத்தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்த எழுத்துக்கூட்டல்கள் வரிசையாகத் தொடக்கத்திலேயே நிற்கின்றன. அவற்றைப் படிக்கும்போது, ஆங்கிலேயர் ஒருவர் முதன்முதலாக இந்த அதட்டலைக் கேட்டுக் குழம்பி, தன் மொழி எழுத்தில் எப்படியோ பிடித்துவைக்க முயன்றது கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு மேற்கோள்கள் காலவரிசையில் இறங்குகின்றன. நாயிடமிருந்து மனிதருக்கு அந்த அதட்டல் நகர்ந்ததை அவை காட்டுகின்றன. பிற சிறு அகராதிகள் ‘போய்விடு’ என்று ஒரு வரியில் பொருள் தந்து முடித்துவிடும் சொல் இது. அப்படி முடித்துவிட்டால், புதிதாக வந்தவர் இதைத் தன் மேலாளரிடம் விளையாட்டாகச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

‘லெக்கர்’ பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. சுவையான உணவில் தொடங்கி, நல்ல தூக்கம், நல்ல வானிலை, நல்ல மனிதர் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் இந்தச் சொல்லை எந்தச் சுற்றுலாக் கையேடும் விடுவதில்லை. கரியில் இறைச்சி சுடுவதைக் குறிக்கும் ‘பிராய்’, பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியைக் குறிக்கும் ‘பக்கி’ ஆகியவையும் அப்படித்தான். அகராதி அவற்றையெல்லாம் நன்றாகவே விளக்குகிறது.

என்னைப் போன்ற புதியவர்களுக்கு உண்மையில் பயன்படுவது காலம் குறிக்கும் சொற்கள். ‘நெட்நோ’ என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல், சற்று முன் நடந்ததையும் குறிக்கும், இனி எப்போதோ நடக்கப்போவதையும் குறிக்கும். அதை அப்படியே ‘ஜஸ்ட் நவ்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்து இங்கே எல்லோரும் பேசுவதால், ‘இப்போதே வருகிறேன்’ என்று குழாய் பழுதுபார்ப்பவர் சொன்னதாக நாம் புரிந்துகொண்டு காத்திருக்கிறோம்; அவரோ ‘கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்னும் விரைவாக வருவதற்கு ‘நோநோ’ என்று இரட்டைக் கிளவியாகச் சொல்ல வேண்டும். நம் மொழியிலும் இரட்டிப்பு அழுத்தம் தரும் என்பதால், தமிழர் காதுக்கு இது எளிதில் பிடிபடும். இந்தப் பதிவுகளை வாசித்த பிறகு, என் பக்கத்து வீட்டு டன்னி ‘நெட்நோ வருகிறேன்’ என்று சொல்லும்போது அடுப்பில் தேநீர் வைப்பதை நிறுத்திவிட்டேன். ‘நோநோ’ என்றால் உடனே வைக்கிறேன். வயதில் மூத்த பெண்ணை உறவு இல்லாவிட்டாலும் ‘டன்னி’ என்று அழைப்பது இங்கே மரியாதை. நாம் அத்தை என்றும் பெரியம்மா என்றும் அழைப்பதை விளக்கியபோது அவர் ஒரு கணமும் வியப்படையவில்லை.

இந்த அகராதியின் பெருமையை ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டச் சொன்னால், நான் ‘டொப்’ என்ற பதிவையே தேர்ந்தெடுப்பேன். நண்பர்கள் கூடினால் ஒரு டொப் ஊற்றுவார்கள். பள்ளி மாணவர்கள் தேர்வில் தோற்பதற்கும் இதே சொல்லைச் சொல்வார்கள். கேட்கக் குறும்பாக இருக்கும் சொல்தான். ஆனால் மேற்கு கேப் மாகாணத்தின் திராட்சைத் தோட்டங்களில், கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளருக்கு நாள் முழுவதும் மலிவான மதுவை அளந்து கொடுத்த வழக்கத்துக்கும் ‘டொப் முறை’ என்றே பெயர். அடிமைக் காலத்தில் வேர்கொண்ட அந்த வழக்கம், சட்டம் தடைசெய்த பிறகும் பல பத்தாண்டுகள் ஆங்காங்கே நீடித்தது. கருவிலிருக்கும்போதே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இந்த மாகாணத்தின் சில பகுதிகளில் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாகப் பதிவாகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விருந்தில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் சொல்லையும், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் குலைத்த வழக்கத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றொன்றால் மறைக்காமல் காட்டுகிறது இந்த அகராதி. கொச்சைச் சொற்களை வேடிக்கைப் பட்டியலாகத் தொகுத்து விற்கும் சிறு நூல்கள் விமான நிலையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

அடுத்ததாக, சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு. ஆஃப்ரிகான்ஸை டச்சு மொழியின் பிள்ளை என்று மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு, மிகவும் நெருக்கமான சொற்களே டச்சு அல்லாதவை என்பது இங்கே தெளிவாகும். காலில் முள் குத்தினால் இங்கே எல்லோரும் கத்தும் ‘ஏய்னா’ கேப் பகுதியின் பூர்வகுடிகளான கோய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பூச்சிகளைக் குறிக்கும் ‘ஹொஹா’வும் அப்படியே. குழந்தைகளைப் பயமுறுத்தவும் கொஞ்சவும் இதைச் சொல்வார்கள். கைகால்களை விசித்திரமாக முறுக்கிச் சுழற்பந்து வீசிய பால் ஆடம்ஸுக்கு இதுவே செல்லப்பெயர் என்பது நம் கிரிக்கெட் இரசிகர்களுக்கு நினைவிருக்கலாம். குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பதற்கான ‘அபா’வும் கோய் மொழிச் சொல். இந்தச் சொற்களைப் பேசிய கோய் மக்களின் மொழிகள் கேப் பகுதியில் ஏறக்குறைய அழிந்தேவிட்டன. வலிக்கும்போது கத்துவதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் அவர்கள் வைத்திருந்த சொற்கள் மட்டும் இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. குடித்த மறுநாள் தலைவலியைக் குறிக்கும் ‘பபலாஸ்’ ஜூலு மொழியிலிருந்து வந்தது.

கேப் முஸ்லிம்களின் வீட்டுச் சொற்களுக்கும் அகராதி இடம் தந்திருக்கிறது. ‘கனாலா’ என்றால் தயவுசெய்து. ‘திராமகாசி’ என்றால் நன்றி. முன்னது ‘அல்லாவுக்காக’ என்ற பொருளுடைய மலாய்த் தொடரின் சுருக்கம். பின்னது மலேசியாவில் இன்றும் அன்றாடம் கேட்கும் நன்றிச்சொல்லின் மாறிய வடிவம். மலேசியத் தமிழர் ஒருவர் கேப் டவுனில் கேப் முஸ்லிம்கள் வாழும் போ-காப் பகுதியின் தெருக்களில் நடந்தால், வயதானவர்களின் பேச்சில் இவற்றை அடையாளம் கண்டுகொள்வார். அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸை எழுதிப் படித்த சமூகம் இது. 1860களில் இங்கு வந்த மார்க்க அறிஞர் அபூபக்கர் எஃபெந்தியும் அவ்வாறே எழுதினார். வெள்ளையர் ஆஃப்ரிகான்ஸைத் ‘தூய’ மொழியாக ஆக்க இயக்கம் தொடங்கும் முன்பே, அவர்கள் சமையலறை மொழி என்று இழித்த அதே பேச்சில் மதரசாக்களில் பாடம் நடந்தது.

தமிழுக்கும் இங்கே ஒரு நேரடித் தடம் உண்டு. உணவுக்கடைப் பலகைகளில் காணும் ‘கெரி’ நம் கறிதான் என்பதை எவரும் ஊகிப்பர்; ஈஸ்டர் நாட்களில் கேப் குடும்பங்கள் மஞ்சள் நிறக் காடியில் ஊறவைத்துச் சாப்பிடும் மீனில் அதன் மணம் இருக்கும். என்னை நிறுத்திவைத்தது ‘காட்டெல்’ என்ற சொல். மரச்சட்டத்தில் தோல்வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மாட்டு வண்டிப் பயணங்களில் படுக்கப் பயன்படுத்திய கட்டிலின் பெயர் அது. அதன் மூலத்தைத் தேடிக்கொண்டே போனால், போர்த்துகீசிய, மலாய் வடிவங்களைக் கடந்து, தமிழின் ‘கட்டில்’ வந்து நிற்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1652இல் கேப்பில் குடியேற்றம் நிறுவியது. சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்களை அடிமைகளாக இங்கே கொண்டுவந்தது. கட்டில் என்ற சொல் அவர்களோடு நேராக வந்ததென்று சொல்ல முடியாது. எனினும் அந்தப் பதிவைப் படித்த அன்று, பெயர் மாற்றப்பட்டுக் கேப்பில் இறந்துபோன அந்த மனிதர்களைப் பற்றி வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசைச்சொற்களை நடத்தும் விதத்திலும் எனக்கு மதிப்பு உண்டு. கறுப்பின மக்களைக் குறித்த, இன்று நீதிமன்றத்தில் தண்டனைக்குரிய அந்தச் சொல்லையும், இந்தியர்களை நோக்கி வீசப்பட்ட ‘கூலி’ என்ற சொல்லையும் அகராதி விலக்கவில்லை. இழிவானவை என்று தெளிவாகக் குறித்து, அவை எப்படிப் பயன்படுத்தப்பட்டன என்பதை மேற்கோள்களோடு வைத்திருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதல், இந்த நாட்டுத் தமிழர்கள் சுமந்த வசை அது. உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் நம் சொல்லோடு தொடர்புடையது என்பதால் அதன் வலி நமக்குக் கூடுதல். அதைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டால், அந்த வலியின் சான்றும் நீங்கிவிடும். ஆயினும் சிறுவர்கள் இந்த அகராதியைப் பயன்படுத்தும்போது பெரியவர்கள் உடன் இருப்பது நல்லது. உடல் உறுப்புகளையும் உறவுகளையும் குறித்த ஆஃப்ரிகான்ஸ் வசைகள் கடுமையானவை. சலிப்பின் உச்சத்தைக் குறிக்கும் ‘ஹட்ஃபோல்’ போன்று, இங்கே அலுவலகங்களில்கூடக் காதில் விழும் சொல்லே பெரியவர் முன் சொல்லத் தகாதது.

இனி, குறை. இந்த அகராதியின் உடல் 1996இல் உருவானது. அதன் பிறகு, கேப் டவுனின் புறநகர் மணல்வெளியான கேப் ஃபிளாட்ஸ் பகுதி இளைஞர்களின் வாயில் புதிதாக முளைத்ததையும், அச்சில் ஏறாமல் வாய்மொழியிலேயே வாழ்வதையும் தேடினால் பல நேரங்களில் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. அச்சில் வந்த மேற்கோளையே சான்றாகக் கொள்ளும் முறையின் விளைவு இது. பத்திரிகையும் புத்தகமும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள் கேட்ட சொற்களே முதலில் பதிவாகும். மற்றவர்களுடையவை தாமதமாகவே வரும். 1966 பிப்ரவரி 11 அன்று, கேப் டவுனில் பல இனத்தார் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது, ஒரே தெருவில் பின்னிப் பிணைந்திருந்த பேச்சும் சிதறியது. மிட்செல்ஸ் பிளெய்ன், ஹனோவர் பார்க், மானன்பெர்க் என்று மணல்வெளிக் குடியிருப்புகளில் அது புதுக் கிளைகள் விட்டது. ‘கடுமையான’ என்று பொருள்தந்த ‘குவாய்’ அங்கே ‘அருமையான’ என்று ஆனது, ‘தெளிவான’ என்ற ‘டெய்டலிக்’கும் பாராட்டுச்சொல்லாக மாறியது, ‘அவே’ என்று கூவினால் வணக்கம், சம்மதம், உற்சாகம் எல்லாம் அதிலேயே அடங்கும். வேனின் கதவருகே தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கூவிப் பயணச்சீட்டுக் காசு வாங்கும் ‘ஹாய்கி’ இல்லாமல் அந்தத் தெருக்களில் காலை விடிவதில்லை. அவர் ஒரு பயணத்துக்குள் அள்ளி வீசும் சொற்களைப் பிடிக்க, அச்சிட்ட மேற்கோளுக்குக் காத்திருக்கும் அகராதியால் இயலாது.

அதேபோல, 1950களிலிருந்து கேப் டவுனின் கலப்பினச் சமூகத்து ஒருபாலீர்ப்பினர் தங்களுக்குள் பேசிவந்த ‘கேய்ல்’ என்ற மறைமொழி. சொற்களுக்குப் பதிலாகப் பெண் பெயர்களை வைத்துப் பேசுவது அதன் முறை: பிரிசில்லா வருகிறாள் என்றால் போலீஸ் வருகிறது; டோரா என்றால் மது; சில்லா என்றால் சிகரெட்; பியூலா என்றால் அழகு. சட்டமும் சமூகமும் துரத்திய காலத்தில் ஒருவரையொருவர் எச்சரித்துக் காத்துக்கொள்ள அவர்கள் உருவாக்கிய அந்த நுட்பமான மொழிக்குத் தனி அகராதியே தகும். பொது அகராதியின் ஓரத்தில் ஓரிரண்டு சொற்களாக அது அடங்கிவிடாது.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் ஹிப்-ஹாப் கலைஞர்களின் சமூக அமைப்பு ஒன்றும் இணைந்து, ‘காப்ஸ்’ என்று அழைக்கப்படும் கேப் பேச்சுவழக்குக்கான மும்மொழி அகராதித் திட்டத்தை 2021இல் அறிவித்தார்கள். பேசுகிறவர்களே தங்கள் சொல்லுக்குப் பொருள் சொல்லும் முறை அது. அது முழுமையாகக் கைக்கு வரும் நாளில், ரோட்ஸ் அகராதியையும் அதையும் இரண்டு சாளரங்களில் திறந்துவைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த அகராதியின் பதிப்பாசிரியர்களும் புதிய பதிவுகளைச் சேர்க்கும்போது, அச்சுச் சான்றுக்கு நிகராக வானொலி, பாடல், குரல்பதிவு ஆகியவற்றிலிருந்தும் மேற்கோள் எடுக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

பயன்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். தளம் எளிமையானது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கைபேசியிலும் படிக்கலாம். எழுத்துக்கூட்டல் தெரியாமல் காதில் விழுந்ததை மட்டும் வைத்துத் தேடுவது நமக்குக் கடினம். ‘ஹொஹா’ என்று கேட்டதற்கு ஆஃப்ரிகான்ஸில் எந்த எழுத்து முதலில் வரும் என்பதை யாராலும் ஊகிக்க முடியாது. தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த ஒலியை அம்மொழி வேறு எழுத்தால் எழுதுகிறது. ஆகவே கேட்ட சொல்லை, பேசியவரிடமே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள், கூடவே இன்னும் இரண்டு சொல்லும் சொல்லித் தருவார்கள். ஒலிக்குறிப்பு சர்வதேச ஒலியெழுத்தில் இருப்பதால், அதைப் படிக்கப் பழகியவருக்கு உதவும்.

ஆஃப்ரிகான்ஸையே முறையாகக் கற்க விரும்புவோருக்கு இது போதாது. ஆங்கிலத்துக்குள் வந்து சேராமல் ஆஃப்ரிகான்ஸுக்குள்ளேயே புழங்கும் சொற்களுக்கு இங்கே இடமில்லை. அதற்கு ஸ்டெல்லன்போஷ் நகரில் 1926 முதல் தொகுக்கப்பட்டுவரும் ஆஃப்ரிகான்ஸ் பேரகராதியும், ‘ஃபிஃபா’ என்று அழைக்கப்படும் மெய்நிகர் ஆஃப்ரிகான்ஸ் நிறுவனத்தின் அகராதித் தளமும் பொருத்தமானவை. இங்கே வந்து வாழத் தொடங்கியவர், இந்த நாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் படிப்பவர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய மூவருக்கும் ரோட்ஸ் அகராதியை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். அதிலும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தென்னாப்பிரிக்கக் கதையில் வரும் ‘டொப்’பைத் ‘தண்ணி’ என்று தமிழாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் முன், அந்தப் பதிவின் மேற்கோள்களைக் கடைசி வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.